மூட்டு வலி மாத்திரைக்குப் பின் பெருகிய சோரியாசிஸ்: தோல் செல்லின் தன்விழுங்கல் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

முழங்கையிலும் தலையிலும் பல ஆண்டுகளாக அடங்கிக் கிடந்த சோரியாசிஸ் என்ற செதில் தோல் நோய், மூட்டு வலிக்காக ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா வகை மருந்தைத் தொடங்கிய சில வாரங்களில் உடலெங்கும் பரவுவது தோல் மருத்துவர்கள் அறிந்த ஒன்றுதான். அப்படிப்பட்ட ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு, நோயறிதல் எவ்வாறு நடந்தது என்பதையும், தோல் செல்லுக்குள் ஆட்டோஃபேஜி எனப்படும் தன்விழுங்கல் (செல் தன் பழுதான பாகங்களைத் தானே செரிப்பது) இதில் என்ன பங்கு வகித்திருக்கக்கூடும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இங்கே வரும் நோயாளி தனியொருவர் அல்லர். புறநோயாளர் பிரிவில் திரும்பத் திரும்பக் காணப்படும் ஒரு நிலையிலிருந்து கற்பித்தலுக்காகத் தொகுத்து அமைத்த மாதிரி இது. அவருடைய வயது, மருந்தளவு, மதிப்பெண் ஆகியவையும் அவ்வாறு அமைக்கப்பட்டவையே. மேற்கோளாக வரும் ஆய்வுகள் வெளியானவை.

நோய் வரலாறு

நோயாளி 46 வயதுப் பெண். தையல் தொழில் செய்பவர். எடை 62 கிலோ. எட்டு ஆண்டுகளாகத் தலையில் செதில் உதிர்கிறது. அதைப் பொடுகு என்றே எண்ணி, எண்ணெய் தேய்ப்பதும் ஷாம்பூ மாற்றுவதுமாக இருந்திருக்கிறார். இரு முழங்கைகளிலும் நாணய அளவில் தடிப்பு உண்டு. அரிப்பு அதிகம் இல்லாததால் அதற்கென்று யாரிடமும் காட்டவில்லை. ஏழு மாதங்களுக்கு முன் கைவிரல் மூட்டுகளில் வலி தொடங்கியது. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் விரல்கள் மடங்க மறுத்தன. கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. இரத்தத்தில் ருமட்டாய்டு காரணி என்ற, முடக்குவாதத்தைச் சுட்டும் எதிர்ப்பொருள் இலேசாக உயர்ந்திருந்ததால் முடக்குவாதம் என்று முடிவாகி, ஹைட்ராக்சிகுளோரோகுயின் 200 மி.கி. காலையும் இரவும் எழுதித் தரப்பட்டது.

ஐந்தாவது வாரத்தில் முதுகிலும் கெண்டைக்காலிலும் சிவந்த புள்ளிகள் தோன்றி, ஒன்றோடொன்று சேர்ந்து தட்டைத் தடிப்புகளாயின. மருந்து ஒவ்வாமை என்று கருதிச் செட்டிரிசின் எடுத்தும் பயனில்லை. எட்டாவது வாரத்தில் தோல் பிரிவுக்கு வந்தபோதும் மாத்திரையை அவர் நிறுத்தியிருக்கவில்லை. “மூட்டு வலிக்குக் கொடுத்த மாத்திரைதானே டாக்டர், அதுக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்?” என்பது அவர் கேட்ட கேள்வி. நியாயமான கேள்வி, பின்வரும் பகுதிகளில் பெரும்பாலானவை அதற்கான விடைதான்.

சோரியாசிஸைத் தூண்டக்கூடிய மற்றவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தோம். தொண்டைத் தொற்று இல்லை. இரத்த அழுத்தத்துக்கான பீட்டா தடுப்பானோ, மனநல மருந்தான லித்தியமோ எடுத்ததில்லை. ஆனால் மூட்டு வலி தொடங்கிய காலத்தில் அருகிலிருந்த மருந்துக்கடையில் வாங்கிய ஒரு வலி மாத்திரைப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அதை உறுதிப்படுத்தவும் முடியவில்லை, ஒதுக்கவும் முடியவில்லை. உள்ளுக்குள் எடுத்த ஸ்டீராய்டை நிறுத்தியதும் சோரியாசிஸ் சீறி எழுவது நன்கறியப்பட்டது என்பதால், இந்த ஐயம் இறுதிவரை எங்களோடு இருந்தது.

பரிசோதனை

முதுகு, வயிறு, தொடை, கெண்டைக்கால் ஆகிய இடங்களில் தெளிவான ஓரமுள்ள சிவந்த தடிப்புகள். மேலே வெள்ளி நிறச் செதில். செதிலைச் சுரண்டியதும் கீழே மெல்லிய ஈரப்படலமும், அதையும் நீக்கியபோது ஊசிமுனை அளவு இரத்தப் புள்ளிகளும் தெரிந்தன. இதுவே ஆஸ்பிட்ஸ் குறி. சோரியாசிஸ் பரப்பையும் கடுமையையும் அளக்கும் பி.ஏ.எஸ்.ஐ. மதிப்பெண் 14.2.

கையை மேசை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தபோதுதான் நோயின் முழு உருவம் புலப்பட்டது. வலக்கை ஆள்காட்டி விரல் நகத்தில் குண்டூசியால் குத்தியதுபோல் பத்துக்கும் மேற்பட்ட குழிகள். நடுவிரல் நகத்தின் நுனி படுக்கையிலிருந்து பிரிந்து, பிரிந்த இடத்தின் ஓரம் எண்ணெய்த் துளி பட்டதுபோல் மஞ்சளாக இருந்தது. வீக்கம் நகத்தை ஒட்டிய கடைசி மூட்டுகளில் இருந்தது. முடக்குவாதம் பெரும்பாலும் அந்த மூட்டுகளை விட்டுவிடும். இடக்கால் நான்காம் விரல் அடி முதல் நுனி வரை ஒரே சீராக வீங்கியிருந்தது. செருப்பு இறுக்குவதால் வந்த வீக்கம் என்று அவர் நினைத்திருந்தார்.

முடக்குவாதத்தைச் சுட்டும் மற்றொன்றான சிட்ருலினேற்றப் புரத எதிர்ப்பொருள் இல்லை. செதிலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரைத்துப் பார்த்ததில் பூஞ்சை இல்லை. ஸ்டீராய்டு களிம்பால் உருமாறிய படர்தாமரை இன்று நம் புறநோயாளர் பிரிவுகளில் எல்லா வேடத்திலும் வருகிறது என்பதால், இந்தச் சோதனையை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. தொடையிலிருந்து எடுத்த 4 மி.மீ. பயாப்சியில் தோலின் மேல்மட்டமான கொம்புப் படலத்தில் உட்கருக்கள் நீங்காமல் இருந்தன. அதன் கீழுள்ள துகளடுக்கு ஏறக்குறைய மறைந்திருந்தது. மேல்தோலின் முளைகள் சீராக நீண்டு இறங்கியிருந்தன. கொம்புப் படலத்துக்குள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களின் சிறு திரள்கள் காணப்பட்டன. மருந்தால் வரும் லைக்கன் வகைத் தடிப்பும், இதே மருந்து உண்டாக்கக்கூடிய திடீர்க் கொப்புளச் சீழ் நோயும் இதனால் விலக்கப்பட்டன.

சோரியாசிஸ் மூட்டழற்சிக்கான காஸ்பர் வரையறைப்படி, தற்போதைய தோல் நோய்க்கு 2, நக மாற்றத்துக்கு 1, முழு விரல் வீக்கத்துக்கு 1 என நான்கு புள்ளிகள் சேர்கின்றன, தேவை மூன்று. ஆகவே இது முடக்குவாதமன்று, சோரியாசிஸ் மூட்டழற்சி. இலேசான ருமட்டாய்டு காரணி நோயற்றவர்களிலும் காணப்படுவதுண்டு. முதல் நாளிலேயே தலையையும் நகத்தையும் பார்த்திருந்தால் அந்தக் காரணிக்கு இவ்வளவு எடை கிடைத்திருக்காது.

மருந்தா, தற்செயலா?

ஒரு பாதிப்புக்கு மருந்து காரணமா என்று புள்ளியிட்டுக் கணிக்கும், 1981-இல் வெளியான நரான்ஜோ அளவுகோலின்படி மதிப்பிட்டோம். முன் அறிக்கைகள் உள்ளன. மருந்துக்குப் பின்பே பரவல் தொடங்கியது. நிறுத்திய பின் தணிந்தது. ஆனால் வேறு காரணமும் சாத்தியம். கூட்டுத்தொகை 3, அதாவது மருந்து காரணமாக இருக்கக்கூடும், உறுதியில்லை. மருந்தை மீண்டும் கொடுத்துச் சோதிப்பதற்கு இங்கே இடமில்லை.

மலேரியா மருந்துகளுக்கும் சோரியாசிஸுக்கும் உள்ள தொடர்பு புதிதன்று. இரண்டாம் உலகப் போரில் மெபாக்ரின் உட்கொண்ட படைவீரர்களிடமும், பின்னர் வியட்நாமில் குளோரோகுயின் உட்கொண்ட அமெரிக்க வீரர்களிடமும் நோய் முற்றியதாகப் பதிவுகள் உண்டு. அதே வேளையில் இம்மருந்துகளை எடுத்தும் தோலில் எந்த மாற்றமும் காணாத சோரியாசிஸ் நோயாளிகளும் பலர். எனவே மருந்து தனியாக நோயை உண்டாக்குகிறது என்பதைவிட, ஏற்கெனவே பலவீனமான ஓர் இடத்தில் அது அழுத்துகிறது என்று கொள்வதே பொருத்தம். அந்த இடம் எது என்பதுதான் தன்விழுங்கலிடம் நம்மைக் கொண்டுசெல்கிறது.

தோல் செல்லுக்குள்

பழுதடைந்த புரதத்தையும் தன் நுண்ணுறுப்புகளையும் செல் இரட்டைச் சவ்வுப் பையொன்றில் பொதிந்து, லைசோசோம் என்ற செரிமான நுண்ணுறுப்புடன் இணைத்து, அதிலுள்ள நொதிகளால் செரித்து, கிடைத்ததை மறுபடி பயன்படுத்துவதே தன்விழுங்கல். 1963-இல் கிறிஸ்டியன் டி டுவே இதற்குப் பெயரிட்டார். இதை இயக்கும் மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டறிந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தோலில் இதற்குத் தனியொரு பணி உண்டு. மேல்தோலின் அடியில் பிறக்கும் கெரட்டினோசைட் என்ற தோல் செல் மேலேறி வரும்போது தன் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா அனைத்தையும் களைந்து, கெரட்டின் நிறைந்த தட்டைச் செதிலாக மாறவேண்டும். 2016-இல் வெளிவந்த இலண்டன் ஆய்வொன்று, துகளடுக்கில் உட்கருவைக் களையும் வேலையில் தன்விழுங்கல் பங்கேற்பதையும், சோரியாசிஸில் உட்கரு நீங்காத பகுதிகளில் அதன் குறிகள் குறைந்திருப்பதையும் காட்டியது. நம் நோயாளியின் பயாப்சியில் கண்ட நீங்காத உட்கருக்களை இந்தக் கோணத்தில் பார்க்கலாம். இயல்பாக நான்கு வாரம் எடுக்கும் மேலேற்றம் சோரியாசிஸில் சில நாட்களில் முடிந்துவிடுகிறது. களைவதற்கு நேரமும் இல்லை, களையும் பொறியும் குறைந்திருக்கிறது.

அழற்சியோடு இதற்குள்ள தொடர்பு பி62 என்ற புரதத்தின் வழியாக வருகிறது. செரிக்கவேண்டிய பொருளைப் பிடித்துப் பைக்குள் சேர்ப்பது பி62. வேலை முடிந்ததும் அதுவும் சேர்ந்து செரிக்கப்படும். செரிமானம் நின்றால் அது செல்லுக்குள் குவியும். 2011-இல் வெளியான தென்கொரிய ஆய்வு, சோரியாசிஸ் தோலில் பி62 கூடியிருப்பதையும், தன்விழுங்கலைக் குறைத்த கெரட்டினோசைட்டுகளில் அழற்சிச் சமிக்ஞைகள் பி62-ஐச் சார்ந்து உயர்வதையும் காட்டியது. குவிந்த பி62 கீப்1 என்ற புரதத்தைப் பிடித்துவைப்பதால், அது கட்டிவைத்திருந்த என்.ஆர்.எஃப்.2 என்ற, மரபணுக்களை இயக்கும் புரதம் விடுபடுகிறது என்பது வேறு திசுக்களில் நிறுவப்பட்ட உண்மை. சோரியாசிஸில் மிகுந்து காணப்படும் கெரட்டின் 6, 16, 17 ஆகியவற்றை என்.ஆர்.எஃப்.2 கூட்டுகிறது என்பதும் தனியாக அறியப்பட்டது. இவ்விரண்டையும் ஒரே சங்கிலியாகக் கோப்பது என் ஊகமே. ஆயினும் அழற்சியும் பெருக்கமும் ஒரே அடைப்பிலிருந்து கிளைக்கக்கூடும் என்பதை அது காட்டுகிறது.

எதிர்த்திசையிலும் ஓட்டம் உண்டு. சோரியாசிஸின் மைய அழற்சிச் சமிக்ஞையான இன்டர்லூக்கின்-17ஏ, கெரட்டினோசைட்டில் செல் வளர்ச்சியை முடுக்கும் எம்டார் பாதையைத் தூண்டித் தன்விழுங்கலை அடக்குகிறது என்று 2018-இல் தில்லி ஆய்வாளர்கள் காட்டினர். அதனால் செல்லில் கொழுப்பு கூடுவதையும் அவர்கள் பதிவுசெய்தனர். சுவிட்சர்லாந்திலிருந்து 2021-இல் வந்த ஆய்வு இன்னும் முக்கியமானது என்பது என் கருத்து. சோரியாசிஸ் மேல்தோலில் லைசோசோமே சரியாக இயங்கவில்லை, அதன் கதெப்சின் நொதிகள் குறைந்துள்ளன, கட்டி நசிவுக் காரணி என்ற அழற்சிச் சமிக்ஞை நீடித்துப் படும்போது இந்தக் கோளாறு உண்டாகிறது என்று அது கண்டது. ஆக, அழற்சி செரிமானத்தைக் கெடுக்கிறது. கெட்ட செரிமானம் அழற்சியை வளர்க்கிறது.

இப்போது மாத்திரைக்கு வருவோம். குளோரோகுயினும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் வலுக்குறைந்த காரங்கள். லைசோசோமின் அமிலச் சூழலுக்குள் புகுந்ததும் மின்னேற்றம் பெற்று வெளியேற முடியாமல் அங்கேயே செறிகின்றன, அமிலத்தன்மை குறைகிறது. பையும் லைசோசோமும் ஒன்றுசேர்வதையே குளோரோகுயின் முக்கியமாகத் தடுக்கிறது என்று 2018-இல் வேறொரு ஆய்வு தெளிவாக்கியது. எப்படியாயினும் தடை விழுவது பாதையின் கடைசிக் கட்டத்தில். சோரியாசிஸ் தோலில் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் கட்டமும் அதுவே.

தன்விழுங்கலை மட்டும் காரணமாக்கிவிடவும் கூடாது. தோலின் நோயெதிர்ப்புச் செல்களான லாங்கர்ஹான்ஸ் செல்களை ஒத்த செல்களில் குளோரோகுயின் இன்டர்லூக்கின்-23 வெளியீட்டைக் கூட்டி, அதன் வழியாக டி செல்களின் இன்டர்லூக்கின்-17 உற்பத்தியை உயர்த்துகிறது என்று 2014-இல் ஒரு ஜெர்மானிய ஆய்வு காட்டியது. நோயின் முதன்மைப் பாதையையே நேராகத் தொடும் வழி இது. நம் நோயாளியிடம் இவற்றில் எது எவ்வளவு செயல்பட்டது என்று பிரித்துச் சொல்ல எந்தச் சோதனையையும் நாங்கள் செய்யவில்லை.

பொருந்தாத சான்றுகள்

இந்த விளக்கத்துக்கு ஒத்துவராத மூன்று செய்திகளைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வியன்னா ஆய்வாளர்கள் 2013-இல், எலியின் மேல்தோலில் ஏ.டி.ஜி.7 மரபணுவை நீக்கித் தன்விழுங்கலை முடக்கியபோது தோலின் காப்புத்திறன் கெடவில்லை; சோரியாசிஸ் போன்ற நோயும் வரவில்லை. 2021-இல் வெளிவந்த சீன ஆய்வோ, கெரட்டினோசைட் தன்விழுங்கல் பாதையைப் பயன்படுத்தியே எச்.எம்.ஜி.பி.1 என்ற அழற்சிப் புரதத்தை வெளியே அனுப்புகிறது என்றும், அதைத் தடுத்தால் எலியின் தோலழற்சி குறைகிறது என்றும் கண்டது. மூன்றாவது லித்தியம். அது செல்லில் தன்விழுங்கலைக் கூட்டும் மருந்து. ஆனால் சோரியாசிஸை மோசமாக்குவதில் மலேரியா மருந்துகளுக்கு அது சளைத்ததன்று.

முதல் செய்தியிலிருந்து நான் கொள்வது, தன்விழுங்கல் குறைவு மட்டும் சோரியாசிஸை உண்டாக்கப் போதாது, மரபுவழிச் சாய்வும் டி செல்களின் தூண்டலும் முன்பே இருக்கவேண்டும் என்பது. மற்ற இரண்டும், ‘கூடுகிறதா, குறைகிறதா’ என்று கேட்பதே போதாது என்று உணர்த்துகின்றன. குப்பை வண்டி தெருத்தெருவாய் அள்ளிக்கொண்டே இருந்தாலும், கிடங்கின் கதவு பூட்டியிருந்தால் ஊர் சுத்தமாவதில்லை; வண்டிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு வேலை மும்முரமாக நடப்பதாகவே தோன்றும். தன்விழுங்கலிலும் பைகள் உருவாவது ஒரு கட்டம். அவை செரிக்கப்படுவது வேறொரு கட்டம். முதல் கட்டம் எழுந்து இரண்டாவது அடைபட்டால், பைகள் அழற்சிப் புரதங்களை வெளியேற்றும் வழியாகவும் மாறக்கூடும். லித்தியத்தின் விளைவை இதைக் கொண்டு முழுமையாக விளக்க முடியாது. அதற்கு வேறு பாதைகளும் உண்டு.

பயாப்சியை இந்நோக்கில் ஆராய்வதில் உள்ள சிக்கலும் இங்கேதான். ஒரே நாளில் எடுத்த திசுத் துண்டில் எல்.சி.3 என்ற பைக் குறி மிகுந்து தெரிந்தால், பைகள் அதிகம் உருவாகின்றன என்றும் பொருள் கொள்ளலாம். செரியாமல் தேங்கியுள்ளன என்றும் கொள்ளலாம். பி62-உம் எல்.சி.3-உம் சேர்ந்து கூடியிருந்தால் தேக்கம் என்ற பக்கம் சாயலாம். ஆனால் பி62 உற்பத்தியே அழற்சியால் கூடக்கூடும். ஓட்டத்தை அளக்க உயிருள்ள செல்லில், லைசோசோமைத் தடுத்தும் தடுக்காமலும் ஒப்பிடவேண்டும். புறநோயாளர் பிரிவில் மெழுகில் பதித்து வைக்கும் பயாப்சித் துண்டில் அது இயலாது. அதனால்தான் எல்.சி.3, பி62 ஆகியவற்றுக்கான நிறச்சோதனைகளை நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சிகிச்சை மாறியிருக்காது.

சிகிச்சையும் தொடர்ச்சியும்

ஹைட்ராக்சிகுளோரோகுயின் நிறுத்தப்பட்டது. கண் பாதுகாப்புக்காக வகுத்த உச்ச அளவு ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி.; இவருக்கு அது 310 மி.கி.; எடுத்துக்கொண்டிருந்ததோ 400. கல்லீரல், சிறுநீரகச் சோதனைகளும், கல்லீரல் அழற்சி பி, சி சோதனைகளும், மார்பு எக்ஸ்ரேயும் பார்த்தபின், நோயெதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை 15 மி.கி., மறுநாள் ஃபோலிக் அமிலம் 5 மி.கி. எனத் தொடங்கினோம். வாரம் ஒருமுறை என்பதை நாளின் பெயரோடு சீட்டில் தமிழில் எழுதி, அதை அவரையே வாசித்துக் காட்டச் சொன்னோம். இம்மருந்தைத் தினமும் விழுங்கி உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. தடிப்புகளின் மேல் கால்சிபோட்ரியாலும் பீட்டாமெத்தசோனும் கலந்த களிம்பு. வாய்வழி ஸ்டீராய்டு வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

நான்காம் வாரத்தில் பி.ஏ.எஸ்.ஐ. 9.6, பன்னிரண்டாம் வாரத்தில் 3.4. காலை இறுக்கம் பதினைந்து நிமிடமாகக் குறைந்து, தையல் வேலைக்குத் திரும்பினார். இந்த முன்னேற்றத்தில் மருந்தை நிறுத்தியதன் பங்கு எவ்வளவு, மெத்தோட்ரெக்சேட்டின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஹைட்ராக்சிகுளோரோகுயினின் அரைவாழ்வு ஏறத்தாழ 40 நாட்கள். பன்னிரண்டாம் வாரத்திலும் கால் பங்கு உடலில் இருந்திருக்கும். நிறுத்திய இரண்டு வாரத்தில் தோல் தெளியவில்லை என்பதற்காக மருந்தைக் குற்றமற்றதென்று விடுவிப்பது தவறு என்பதற்கும் இதுவே காரணம்.

தன்விழுங்கலைத் தூண்டியே சோரியாசிஸைக் குணமாக்கலாமா என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. எம்டாரைத் தடுத்துத் தன்விழுங்கலை விடுவிக்கும் சிரோலிமஸைக் களிம்பாக 2005-இல் ஒரு சிறு சோதனையில் பயன்படுத்தினர். மருத்துவ மதிப்பெண் குறைந்தது. ஆனால் தடிப்பின் பருமன் குறைந்ததாக அளவீட்டில் தெரியவில்லை. அம்மருந்து நோயெதிர்ப்பு செல்களையும் அடக்குவதால், கிடைத்த சிறு பலனையும் தன்விழுங்கலின் கணக்கில் எழுதிவிட முடியாது.

நோயாளியின் மகள் வேறொன்று கேட்டார். விரதம் இருந்தால் ஆட்டோஃபேஜி நடந்து சோரியாசிஸ் போய்விடும் என்று கைபேசியில் வந்த காணொளியைக் காட்டி, அம்மாவை வாரம் இரண்டு நாள் பட்டினி இருக்கச் சொல்லலாமா என்றார். உடற்பருமன் உள்ளவர்களிடம் எடை குறைப்பு சோரியாசிஸைத் தணிக்கிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. அது அழற்சியைத் தூண்டும் கொழுப்புத் திசு குறைவதாலும் நிகழலாம். உண்ணாநோன்பு மனிதத் தோலின் கெரட்டினோசைட்டில் அடைபட்ட லைசோசோமைத் திறக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அடைப்பு கடைசிக் கட்டத்தில் இருக்கும்போது முதல் கட்டத்தை மட்டும் முடுக்குவது நன்மையா என்பதே ஐயத்துக்குரியது. மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் நாட்களில் உணவையும் தண்ணீரையும் குறைக்கவேண்டாம் என்று உறுதியாகச் சொன்னோம். இரவு உணவை முன்னதாக முடிப்பதற்கும் இனிப்பைக் குறைப்பதற்கும் தடை சொல்லவில்லை.

இவருடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 விழுக்காடு, தாய்க்கும் தமையனுக்கும் நீரிழிவு உண்டு. இந்தியாவில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் நீரிழிவுக்கும் துணை மருந்தாக 2014 முதல் அனுமதி பெற்றது. ஆகவே சில ஆண்டுகளில் வேறொரு மருத்துவரின் சீட்டில், வேறொரு வணிகப் பெயரில், இதே மாத்திரை இவரிடம் திரும்பி வரக்கூடும். லூபஸ் போன்ற, அம்மருந்து இன்றியமையாத நோய் வந்தாலன்றி அதைத் தவிர்க்குமாறும், தர நேர்ந்தால் முதல் மூன்று மாதங்கள் தோலைக் கவனிக்குமாறும் அவருடைய மருத்துவக் கையேட்டின் முதல் பக்கத்தில் மருந்தின் பொதுப் பெயரோடு எழுதிக் கொடுத்தோம்.